ஒட்டுக்கு ஒரு சிவப்பு நூல்

மகனுக்கு,

நீ அனுப்பிய தாள் கிடைத்தது. கயிற்றுக் கடை மேசையில் தண்ணீர்க் குவளைக்குக் கீழே வைத்திருக்கிறேன். துறைமுகக் காற்றுக்கு அதன் ஒரு மூலை மட்டும் படபடக்கிறது. "இது ஒரு சடங்குதான் அப்பா, நான் புள்ளடி போட்ட இடத்தில் கையொப்பம் வைத்து அடுத்த தபாலில் அனுப்பிவிடுங்கோ" என்று எழுதியிருக்கிறாய். வாசிக்காமல் எதிலும் கையொப்பம் வைக்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் ஒரு தரம் வாசித்தேன். உன் தங்கச்சியைக் கொண்டு இன்னொரு தரம் வாசிப்பித்தேன். 'இந்தப் படத்தில் காட்டியிருப்பது என் வாழ்க்கை, அதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை' என்பதுதான் அதன் சாரம். எனக்கு ஆட்சேபணை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நான் ஒட்டி மூடப்போவதில்லை. நாளைக் காலை கிண்ணியாவுக்குத் துறை கடந்து போய், என்னோடு கடை நடத்துகிற ஹனிபா காக்கா வீட்டு முன்கூடத்தில் இருந்து, அவருடைய ஆட்கள் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டுத்தான் தபாலில் போடுவேன். ஆகவே இந்த வரிகளைக் கேட்கிற முதல் ஆள் நீ இல்லை என்று தெரிந்துகொண்டே வாசி. உன் படத்தை லண்டனில் உள்ள சனமெல்லாம் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கப் போகிறதென்றால், உனக்கு நான் எழுதுவதைக் கிண்ணியாவில் பத்துப் பேர் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படம் தொடங்கும்போது உன் பெயர் வந்தது. ஆங்கிலத்தில்தான், சின்ன எழுத்தில்தான், டைரக்டரின் பெயருக்கும் கமராக்காரரின் பெயருக்கும் பிறகுதான். ஆனாலும் வந்தது. படத்தை வெட்டித் தொகுத்தது நீ என்று தங்கச்சி வாசித்துச் சொன்னபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். எதற்கு எழும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. கணக்காளனாக வருவான் என்று அனுப்பிய பிள்ளை படம் வெட்டப் போய்விட்டான் என்று மூன்று வருஷம் உன்னோடு சரியாகக் கதைக்காமல் இருந்தவன் நான். அது என் பிழை. ஒருவனுக்குக் கை எதில் ஓடுமோ அதில்தான் ஓட விட வேண்டும். இந்தப் படம் உனக்கு முதல் படம் என்பதும், இது தடங்கினால் உனக்கு அடுத்த வேலை கிடைப்பது கஷ்டம் என்பதும் எனக்கு விளங்கும். விளங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீங்கள் நாலு பேரும் இங்கே மூன்று கிழமை நின்றீர்கள். உன் டைரக்டர் நல்ல மனிதர். அம்மா வைத்த நண்டுக்கறியைக் கண்ணில் தண்ணீர் ஓட ஓடக் கையால் தின்று, இன்னும் கொஞ்சம் கேட்டவர். அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் கதையை இங்கே வந்து தேடவில்லை, மகனே. லண்டனிலிருந்து பெட்டிக்குள் மடித்துக் கொண்டு வந்துவிட்டார். வெள்ளைக்காரரின் கப்பல்கள் போய்விட்டன, துறைமுகம் வெறிச்சோடிவிட்டது, ஒரு கிழவன் இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சட்டை ஏற்கெனவே தைத்தாயிற்று, போட்டுப் பார்க்க ஒரு ஆள்தான் தேவை. நீ என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாய்.

அந்த இறங்குதுறையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மாலை நாலரை மணி, கடையில் மூதூர் ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள், நீ வந்து கூப்பிடுகிறாய்.

"அப்பா, துறையின்ர அந்தம் வரையும் நடந்து போங்கோ. அங்க நிண்டு கடலைப் பாருங்கோ."

"என்னத்துக்கு?"

"சும்மா."

"சும்மா ஒருத்தன் கடையை விட்டிட்டுக் கடலைப் பாப்பானோ? எனக்கென்ன வேலை இல்லையோ?"

"ஒருக்காத்தான் அப்பா."

ஒருக்கா என்றது மூன்று தரமாயிற்று. முதல் தரம் நான் கடன்காரனைத் துரத்துகிறவன் மாதிரி வேகமாக நடந்துவிட்டேனாம். இரண்டாம் தரம் கமராவைப் பார்த்துவிட்டேனாம். மூன்றாம் தரம் தொடங்கும்போது உன் அம்மா, "கலியாணம் கட்டி முப்பது வருஷத்தில என்னோட ஒருநாள் கடற்கரைக்கு வராத மனுசன், கமராவோட மூண்டு தரம் போறார்" என்று சொன்னது ஒலிப்பதிவுக்காரரின் கருவியில் விழுந்துவிட்டது. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் மூன்றாம் தரமும் போனேன். பல வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளை என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தது. நடக்கச் சொன்னால் சீனக்குடா வரையும் நடந்திருப்பேன்.

துறையின் அந்தத்தில் போய் நின்று கீழே பார்த்தேன். தண்ணீர் அன்றைக்குத் தெளிவு. சேற்றில் பாதி புதைந்தபடி ஒரு நங்கூரச் சங்கிலி கிடந்தது, ஒவ்வொரு வளையமும் என் முழங்கைத் தடிப்பு. எத்தனை ஆள் இறங்க வேண்டும், எந்த நேரத்தில் தண்ணீர் வற்றும், இழுக்க எந்தக் கப்பியைக் கட்டலாம் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உன் படத்தில் என் முகத்தில் தெரிகிறது அதுதான். அதன் மேல் நீ ஒரு அழுகை வயலினைப் போட்டு, 'இருபது வருஷமாக ஒவ்வொரு மாலையும், திரும்பி வராத கப்பல்களுக்காக இவர் இங்கே வந்து காத்திருக்கிறார்' என்று ஒரு குரலைப் பேச வைத்திருக்கிறாய். நீங்கள் போன அடுத்த மாதமே அந்தச் சங்கிலியை எடுத்துவிட்டேன். பாதி மூதூருக்குப் போயிற்று, பாதி கப்பல்துறை ஊரில் ஒரு மர ஆலைக்குப் போயிற்று.

யாருக்காக நான் காத்திருக்க வேண்டும்? வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது இந்த ஊரில் பலர் அழுதது உண்மை. உடுப்பு வெளுத்தவர்கள், தைத்தவர்கள், மதுக்கடை வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் பிழைப்புப் போயிற்று. எனக்கும் போயிற்று, நான் கடற்படைக் களஞ்சியத்தில் சாமான் பதிகிற எடுபிடி. ஆனால் அவர்கள் கழிவு என்று விட்டுப்போனதை நாங்கள் எடுத்தோம். அவர்களின் கூடாரத் துணி தம்பலகாமத்தில் நெல்லுக்குப் படங்காக விரிந்தது. போர்க்கப்பலைக் கட்டியிருந்த கயிறு சேற்றில் புதைந்த டிராக்டரை இழுத்தது. யானை வராமல் இருக்க அவர்களின் சங்கிலியில் தகரம் கட்டித் தொங்கவிட்ட ஆட்களும் இருக்கிறார்கள். யானை வந்ததுதான், ஆனால் சத்தம் கேட்டது. அவர்கள் போன நாள் எனக்கு இழவு வீடு இல்லை, கடை திறந்த நாள். இதை உன் லண்டன் சனம் கேட்க விரும்பாது என்றால், அது அவர்களின் பாடு. அவர்களின் மனம் குளிர நான் கிழவனாகி அழ ஏலாது.

ஆனாலும் இது மட்டும் என்றால் நான் முணுமுணுத்துவிட்டுக் கையொப்பம் வைத்திருப்பேன். அது என் முகம்; என் முகத்தை நானாகத்தான் தந்தேன். மற்றது என்னுடையது அல்ல.

உன் கூட்டாளி படச்சுருளைக் கொண்டுவந்து தந்த கிழமையே பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டரை இரவல் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் கடையின் சாமான் கிட்டங்கிக் கதவுகளைச் சாத்தி, கயிற்றுச் சுருள்களுக்கு முன்னால் அம்மாவின் வெள்ளைச் சேலையைக் கட்டினோம். ஹனிபா காக்கா வந்தார். அவர் மட்டுமல்ல, மனைவி, இரண்டு மகள்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று துறை கடந்து பதினொரு பேர் வந்தார்கள். அவர் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். எந்தச் சட்டை என்று உனக்குத் தெரியும். நாலு நாள் நீங்கள் அவரைப் படம் எடுத்தீர்கள். "ஒரே சட்டையைத்தான் போட வேணும் காக்கா மாமா, இல்லாட்டிப் படத்தில வெட்டி ஒட்ட ஏலாது" என்று நீதான் சொன்னாய். நாலு நாளும் அவர் மனைவி பின்நேரம் அதைத் தோய்த்து, காலையில் பெட்டி போட்டுக் கொடுத்திருக்கிறா. அந்த மனிதர் கயிற்றைப் பின்னி, சுருட்டி, தோணியில் ஏற்றி, நீ கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அவர் சொன்ன கதையைக் கேட்டு உன் டைரக்டரே கைதட்டினாரே, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

படம் ஓடியது. நான் நடந்தேன், நான் நின்றேன், நான் கடலைப் பார்த்தேன். காக்காவின் சின்னப் பேத்தி கேட்டாள், "மூத்தாப்பா படத்தில எப்ப வருவார்?" தாய்க்காரி, "பொறு, இனி வருவார்" என்றாள். கொஞ்சத்தால் மறுபடியும் கேட்டாள். தாய் அவளைத் தூக்கி மடியில் வைத்தாள். பிறகு திரை நிறைய இரண்டு கைகள் வந்தன. கயிற்றின் புரிகளைப் பிரித்து, ஒன்றை ஒன்றுக்குள் செருகி, இறுக்கி, உருட்டி. இடக்கைச் சின்ன விரல் வளைந்திருந்தது. அழகாக எடுத்திருக்கிறீர்கள், நரம்புகூடத் தெரிந்தது. கைகள் போனதும் என் குனிந்த முகம் வந்தது. 'அந்தக் கைகள் இன்னும் எதையும் மறக்கவில்லை' என்று குரல் சொன்னது. தங்கச்சி அதைத் தமிழில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள். இருட்டுக்குள் இருந்து ஹனிபா காக்காவின் மனைவி, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், "இது எங்கட ஆள்ர கையெல்லோ" என்றா.

எனக்குக் கயிறு பின்னத் தெரியாது, மகனே. நீ பிறக்க முன்னமும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அந்தக் குனிந்த முகம் நான் பற்றுச்சீட்டு எழுதும்போது எடுத்தது.

படம் முடிந்து கதவைத் திறந்தோம். வெளிச்சம் உள்ளே வந்ததும் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். அம்மா வடைத் தட்டை நீட்டினாள், ஒருவரும் எடுக்கவில்லை. ஹனிபா காக்கா என் தோளில் தட்டிச் சிரித்தார். "என்ட கையை உன்ட மேலில கொழுவி விட்டிருக்கான், தம்பி. பொடியன் கெட்டிக்காரன்" என்றார். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டே, "பறவாயில்ல. இருபது வருஷத்துக்கு மேலா அப்படித்தானே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் துறைப் படகுக்கு நேரமாகிறது என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே உனக்கு எழுதினேன், நினைவிருக்கும், ஒரே வரி: 'ஹனிபா காக்கா எங்கே?' நீ எட்டுப் பக்கம் பதில் எழுதினாய். ஒரு படத்துக்கு ஒரு ஆள்தான் வேண்டும், இரண்டு பேர் என்றால் பார்க்கிறவனின் மனம் யாரிலும் ஒட்டாது என்றாய். மூன்று கிழமை எடுத்ததை ஐம்பது நிமிஷத்துக்குள் அடக்க வேண்டும், எதையாவது விடத்தான் வேண்டும் என்றாய். வாழ்க்கை நடந்தபடியே கிடந்தால் அது குப்பை மேடு, அதைக் கதையாக்கினால்தான் மற்றவனுக்கு விளங்கும் என்றாய். இதெல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாயே, "நீங்கள் எங்களுக்குச் சொன்ன கதையில் காக்கா மாமா எங்கே இருந்தவர் அப்பா? நான் உங்கட கதையைத்தான் எடுத்தனான்" என்று, அதற்குத்தான் பதில் இருக்கவில்லை. இரண்டு கிழமை தேடினேன். இல்லை. நீ சொன்னது சரி.

கடற்படை விட்டுப்போன சாமானை ஏலத்தில் எடுத்த கதையைச் சின்ன வயதில் நீயும் தங்கச்சியும் எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள். 'கொழும்பிலிருந்து வந்த பெரிய வியாபாரிகள் எல்லாம் செம்புக்கும் இரும்புக்கும் அடிபட, அப்பா மட்டும் உக்கிப்போன கயிற்றுக்குக் கை தூக்கினார்; எல்லாரும் சிரித்தார்கள்; அப்பா சிரிக்கவில்லை.' நீ இதை நடித்துக் காட்டுவாய், கதிரையில் ஏறி நின்று கையைத் தூக்குவாய். இப்போது நடந்ததைக் கேள்.

ஹனிபா காக்கா கயிற்றுக் கொட்டிலில் வேலை செய்தவர். என்னோடு ஒரே நாளில்தான் வேலை போயிற்று. ஏலத்துக்கு முதல் நாள் சாமான்களைப் பார்க்க விட்டார்கள். நான் எனாமல் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவற்றைத்தான் வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் ஒவ்வொரு கயிற்றுச் சுருளின் நடுவிலும் தோள் வரையும் கையை விட்டு, உள்ளே இருந்து ஒரு நாரைப் பிய்த்து மணந்து பார்த்தார். "வெளியாலதான் உக்கல், தம்பி. உள்ளுக்குக் கயிறு உசிரோட இரிக்கு" என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஏலம் ஆங்கிலத்தில். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். அவர் எனக்குப் பக்கத்தில் நிற்பார். என் காலை மிதித்தால் விலையைக் கூட்ட வேண்டும். காலை எடுத்தால் விட்டுவிட வேண்டும். எல்லாரும் சிரித்தபோது நான் பயந்து கையை இறக்கப் பார்த்தேன். அவர் குதிக்காலால் என் பெருவிரலை நசுக்கினார். அந்த வலியில்தான் என் கை மேலே போயிற்று. நீ கதிரையில் ஏறி நின்று நடித்த வீரம் அதுதான். அந்த நகம் கறுத்து விழுந்து முளைத்தது. உன் அம்மாவைக் கேள்.

இதில் காக்காவின் காலை விட்டுவிட்டு நான் என் கையை மட்டும் சொன்னேன். முதலில் வாடிக்கைக்காரருக்குச் சொன்னேன். தனி ஆள் கதை வியாபாரத்துக்கு நல்லது. கேட்கிறவன் ஆளையும் பார்ப்பான், கடையையும் பார்ப்பான், கயிறு வாங்கிப் போவான். பிறகு உங்களுக்குச் சொன்னேன். பிறகு எனக்கே அப்படித்தான் நினைவு வந்தது. பெயர்ப்பலகை எழுதும்போதும் என் பெயரை மட்டும் எழுதுவித்தேன். "பலகையில பேர் இருந்தா மழையில நனையும், எனக்கு வேணாம்" என்று காக்கா பகிடி விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வருமானத்தில் அவருக்குப் பாதிப் பங்கு ஒருநாளும் குறைந்ததில்லை. கதையில்தான் பங்கு கொடுக்கவில்லை. உனக்கு அந்தக் கதையை விற்றவன் நான். நீ அதை வாங்கி, என்னை விடப் பெரிய சந்தையில் விற்கப் போகிறாய். அதனால்தான் நான் குறுக்கே நிற்கிறேன்.

இனி நீ சொன்ன நியாயத்துக்கு வருகிறேன். வெட்டுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நானும் காலமெல்லாம் வெட்டித்தான் பிழைத்தேன். பத்துப் பாக நீளக் கயிறு கேட்கிறவனுக்கு முழுச் சுருளையும் தூக்கிக் கொடுக்க ஏலாது. கயிற்றுக்குக் கதை சொல்வதும் குற்றமில்லை. இந்தக் கயிறு எந்தெந்தக் கடலைக் கண்டது என்று நான் விட்ட கதைகளில் பாதி பொய், கேட்டவனுக்கும் அது தெரியும், இருவரும் சிரித்துக்கொண்டுதான் பேரம் பேசினோம். குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை நான் எப்படிப் படித்தேன் என்று உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

கடை தொடங்கி மூன்றாம் வருஷம். தோணிகள் வைத்திருந்த மூதூர்ச் சம்மாட்டி ஒருவர் நங்கூரத்துக்கு நீளமான ஒரே கயிறு கேட்டார். எங்களிடம் அவ்வளவு நீளத்தில் இல்லை. இரண்டு துண்டைப் பின்னிக் கொடுப்போம் என்றார் காக்கா. பின்னல் தெரிந்தால் வாங்க மாட்டான், தெரியாமல் பின்னு, அவசரமாகப் பின்னு, நாளைக்குத் தோணி போகிறது என்றேன் நான். அவர் என்னைப் பார்த்தார். "ஒட்டு இருக்கெண்டு தெரிஞ்சா அவன் அதைத் தினம் தடவிப் பாப்பான். தெரியாட்டி நம்பிக் கிடப்பான்" என்றார். நான் கேட்கவில்லை. அவர் பின்னினார், நான் ஒட்டின் மேல் தாரைப் பூசி மறைத்தேன். அடுத்த கச்சான் காற்றில் கயிறு அந்த இடத்திலேயே இளகி அறுந்து, தோணி பாறையில் ஏறியது. இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். சம்மாட்டியின் தம்பிக்குக் கால் முறிந்து, பிறகு அவர் கடலுக்குப் போகவே இல்லை. சம்மாட்டி கடைக்கு வந்தார். அறுந்த முனையைக் கொண்டுவந்து இந்த மேசையில், இப்போது உன் தாள் கிடக்கிற அதே இடத்தில், வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் காக்கா தன் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்து வந்தார். அதற்குப் பிறகு எங்கள் கடையில் எந்த ஒட்டுக்கும் மேலே சிவப்பு நூல் சுற்றாமல் கயிறு வெளியே போனதில்லை. முதலில் வாடிக்கை குறைந்தது. பிறகு கிண்ணியா, மூதூர், தோப்பூர்ச் சனம் சிவப்பு நூல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கத் தொடங்கியது. ஒட்டு இல்லாத கயிறு உலகத்தில் குறைவு என்று அவர்களுக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்று சொல்கிறவனைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

உன் படத்தில் அந்தக் கைகளுக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு ஒட்டு இருக்கிறது. நீ நல்ல வேலைக்காரன், தார் பூசியிருக்கிறாய், லண்டனில் ஒருவனுக்கும் தெரியாது. கிண்ணியாவில் ஒரு மனுசிக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே நான் கேட்பது இது. அந்த இடத்தில் அந்தக் கை யாருடையது என்று சொல். அவர் முகத்தைக் காட்டு. நாலு நாள் எடுத்ததில் ஒரு நிமிஷமாவது உன்னிடம் மிச்சம் இருக்கும். இறங்குதுறையில் நான் நிற்கிறதை வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள், ஆனால் வயலினை எடுத்துவிட்டு, அவர் சங்கிலிக்கு விலை பார்க்கிறார் என்று அந்தக் குரலைச் சொல்லச் சொல். படத்தின் அழகு கெடும் என்பாய். கெடட்டும். டைரக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பாய். அப்படியானால் என் முகத்தையும் வெட்டி எறிந்துவிட்டு அவர் வேறு கிழவனைத் தேடட்டும். உனக்கு வேலை போகலாம். போனால் எழுது, வழிச்செலவு அனுப்புகிறேன். அதற்காக வாயை மூடிக்கொண்டு கையொப்பம் வைக்க என்னால் ஏலாது. ஒருக்காத் தார் பூசினவன் நான். மறுபடியும் பூச மாட்டேன், என் பிள்ளைக்காகவும் மாட்டேன்.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று காலை கிண்ணியாவுக்குப் போய் வாசித்தேன். காக்கா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஏலத்தில் காலை மிதித்த இடம் வந்தபோது கண்ணைத் திறக்காமலே, "பெருவிரல் இல்ல தம்பி, அதுக்கு அடுத்த விரல்" என்றார். பேரப்பிள்ளைகள் என் காலை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அடுத்த விரலின் நகம்தான் இன்னும் கோணல்; அவர் சொன்னதுதான் சரி. நான் இவ்வளவு காலமும் விரலையே பிழையாக நினைத்து வந்திருக்கிறேன்.

வாசித்து முடித்ததும் உன் தாளை எடுத்து வைத்தேன். அதில் கையொப்பத்துக்கு ஒரு கோடுதான் இருந்தது. அடிமட்டம் வாங்கி, அதன் கீழே இன்னொரு கோடு போட்டேன். காக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படத்தில என்ட கை மட்டும்தானே வந்த. கைநாட்டுப் போதாதோ?" என்று கேட்டார். வீடே சிரித்தது, அவர் மனைவிகூடச் சிரித்தா. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தகப்பன் பெயரோடு தன் முழுப் பெயரையும் தமிழில் மெதுவாக எழுதினார். முதல் கோட்டில் அவரை எழுதச் சொன்னேன். இரண்டாம் கோட்டில் நான் எழுதினேன். இரண்டு பெயரும் படத்தில் இருந்தால் இந்தத் தாள் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது என்று தங்கச்சி அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள்.

தாளை மடிக்கப் போனபோது காக்கா தடுத்தார். மனைவியிடம் ஊசியை வாங்கி, இரண்டு பெயருக்கும் நடுவில் நாலு தையல் போட்டு முடிச்சிட்டுத் தந்தார். அந்தச் சிவப்பு நூலை நீ பிரிக்காதே. கெட்டியாகத் தைத்திருக்கிறார், பிரித்தால் தாள் கிழியும்.

அப்பா